மாரியிலும் பனியிலும் வீட்டுத் தோட்டம்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கொட்டில்களுக்கு ஐப்பசி மாதத்தில் செல்லும்போது நான் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. "தோட்டம் ஏதும் தொடங்கினீர்களா?" என்று கேட்டால், "மாரி முடியட்டும் சுவாமி, தைக்குப் பிறகு பாப்பம்" என்பார்கள். வெள்ளம் நிற்கும் காணியில் மண்வெட்டி போட எவருக்கும் மனம் வராதுதான். எனினும் இந்தப் பதிலுக்குள் ஒரு பெரும் நட்டம் மறைந்திருக்கிறது. தைப்பொங்கல் கழிந்த பின்னர் விதை போடுபவர், நாற்று வளர்த்து நட்டுக் காய் பறிக்கும்போது சித்திரை வந்துவிடும். அப்போது கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், வெயில் ஏறியிருக்கும், பூ உதிரும். வருடத்திலே மரக்கறிக்கு மிகவும் உகந்த பனி மாதங்கள் முழுவதும் அந்தக் குடும்பம் கடையில் காசு கொடுத்துக் கறி வாங்கியிருக்கும்.

1990 ஆம் ஆண்டு ஊரை விட்டு வெளியேறி, இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் எம்மிடையே உண்டு. 1995 இலும் 2009 வரையான ஆண்டுகளிலும் பல தடவைகள் பெயர்ந்தவர்கள் உண்டு. வெள்ளத்தாலும் புயலாலும் வீடிழந்தவர்களும் உண்டு. இவர்களில் பலர் நல்ல கமக்காரர்கள். தோட்டம் செய்வது எப்படி என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்துப் பரப்புத் தோட்டத் தறையில் கிணறும் இயந்திரமும் வைத்துச் செய்த வேளாண்மை வேறு; பிறர் காணியில், ஒரு கொட்டிலைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில், எப்போது எழும்பச் சொல்வார்களோ என்ற நிலையில் செய்யும் தோட்டம் வேறு. இப்பாடம் அந்த இரண்டாவது தோட்டத்தைப் பற்றியது.

நாம் செய்த ஒரு பிழை

வன்னியில் ஒரு மாரியின்போது புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களுக்கு மிளகாய்க் கன்றுகளும் கத்தரிக் கன்றுகளும் பகிர்ந்து கொடுத்தோம். கார்த்திகை பிறந்திருந்தது. மண் நன்கு நனைந்திருக்கிறது, தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம் என்று எண்ணினோம். எல்லோரும் அன்றே நட்டார்கள். அடுத்த கிழமை மூன்று நாட்கள் விடாமல் மழை பெய்தது. நான்காம் நாள் போய்ப் பார்த்தபோது கன்றுகள் தண்ணீருக்குள் தலை சாய்ந்து கிடந்தன. வெயில் வந்ததும் அத்தனையும் வாடிச் செத்தன.

ஒரேயொரு தாயின் கன்றுகள் மாத்திரம் பிழைத்தன. அவர் அவற்றை நடவே இல்லை. பால்மாப் பைகளில் மண் போட்டு, கொட்டிலின் தாழ்வாரத்தில் ஒரு பலகையின் மேல் அடுக்கி வைத்திருந்தார். காரணம் கேட்டேன். "எனக்குக் காணி எது எண்டு இன்னும் காட்டேல்லை சுவாமி. அதுதான் பையிலையே விட்டிட்டன்" என்றார். மார்கழிக் கடைசியில் அவருக்கு நிலம் காட்டப்பட்டது. முழங்கால் உயரக் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டார். மாசியில் அவர் வீட்டுக் கத்தரிக்காயை அயலவர்களும் உண்டார்கள்.

கன்றுகளைக் கொடுத்த நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தைக் காணியில்லாத அந்தத் தாயே எமக்குக் கற்றுத்தந்தார். மழை மாதங்களில் கன்றுகளை நிலத்திற்கு மேலே வைத்து வளர்க்க வேண்டும். பனி மாதங்களில் நிலத்திற்கு இறக்க வேண்டும். இதுவே இப்பாடத்தின் சாரம்.

எமது குளிர்காலம் எத்தகையது?

ஐரோப்பா போன்ற குளிர் நாடுகளில் குளிர்காலத் தோட்டம் என்றால் உறைபனியிலிருந்து பயிரைக் காப்பதே முதல் வேலை. எமக்கு அக்கவலை இல்லை. யாழ்ப்பாணத்தில் தை மாத இரவுகளில் வெப்பநிலை சராசரியாக 22 அல்லது 23 பாகை செல்சியஸ் வரையே இறங்கும். இந்தக் குளிர் எந்தப் பயிரையும் கொல்லாது. மாறாக, பயிருக்கு அது நண்பன். இரவு வெக்கையாக இருந்தால் தக்காளிப் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும்; கோவா இலை விரிந்தபடியே நின்று உருண்டை கட்டாது. பனி மாதங்களில் இவை இரண்டும் நன்றாக வரும்.

எமது குளிர்காலத்தின் இடர் தண்ணீரே. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நிறையும்போது வேர் மூச்சு விட முடியாமல் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவேதான் வெள்ளத்தில் நின்ற கன்று, வெயில் வந்ததும் தாகத்தால் வாடுவதுபோல வாடிச் சாகிறது.

புயலையும் நினைவிற் கொள்ளுங்கள். எமது கரையைத் தாக்கிய பெரும் புயல்கள் 1964 டிசம்பரிலும், 1978 நவம்பரிலும், 2008 நவம்பரில் நிஷா எனவும், 2020 டிசம்பரில் புரெவி எனவும், 2025 நவம்பரில் டித்வா எனவும் வந்தன. தமிழ் மாதக் கணக்கில் இவை எல்லாம் கார்த்திகை தொடங்கி மார்கழி முற்பகுதி வரையான காலத்துக்குள் அடங்குகின்றன. ஆகவே இக்காலத்தில் இளங்கன்று நடுவதும், உயரப் பந்தல் போடுவதும் வேண்டாம். மார்கழி நடுப்பகுதியையே நடும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குமுன் இரண்டு காரியங்கள்

முதலாவது, காணிச் சொந்தக்காரருடன் பேசுங்கள். எவ்வளவு நிலம், எத்தனை மாதம், விளைவில் அவருக்குப் பங்கு உண்டா, கிணற்றில் எவ்வளவு அள்ளலாம் என்பவற்றை இரண்டு பேர் முன்னிலையில் பேசிக்கொள்ளுங்கள். தென்னை, பலா, மா போன்ற நீண்டகால மரங்களைப் பிறர் காணியில் நட வேண்டாம். அன்போடு நட்ட மரம் பின்னர் வழக்கைக் கொண்டுவரும். மூன்று நான்கு மாதங்களில் முடியும் பயிர்களே உங்களுக்கு உகந்தவை.

இரண்டாவது, பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்த காணி எனின், கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் மண்ணைக் கிளற வேண்டாம். மாரி வெள்ளம் மண்ணை அரித்துச் செல்லும்போது புதைந்திருந்த வெடிபொருட்கள் வெளியே தெரியலாம். வேறிடத்துக்கு நகரவும் கூடும். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிச் சென்று அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மண்ணை அறிந்துகொள்ளுங்கள்

நீங்கள் விட்டு வந்த மண்ணும் வந்து சேர்ந்த மண்ணும் ஒன்றாக இராது. ஊரில் செய்தபடியே இங்கும் செய்து தோற்றவர்கள் பலர். மழை விட்டு ஆறு மணித்தியாலம் கழித்துக் காணியைப் பாருங்கள். அதுவே போதுமான மண் பரிசோதனை.

வலிகாமத்துச் செம்மண்ணில் தண்ணீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். இங்கு முக்கால் அடி உயரப் பாத்தி போதும்.

வன்னியின் செங்கபில நிற மண்ணிலும், குளங்களுக்குக் கீழேயுள்ள களிமண்ணிலும் தண்ணீர் தேங்கும். இங்கு ஒரு அடிக்குக் குறையாத உயரம் வேண்டும். ஈரமாக இருக்கும்போது இந்த மண்ணை மிதிக்கவும் கொத்தவும் கூடாது. மிதித்த களி காய்ந்ததும் கல்லாகிவிடும்.

மன்னார், முல்லைத்தீவுக் கரையோர மணலில் தண்ணீர் நிற்காது. ஆனால் போட்ட உரமும் மழையோடு போய்விடும். இங்கு உயரம் தேவையில்லை. சருகும் கூட்டெருவுமே தேவை. கரையோரத்தில் கோடை முடியும்போது உவர் ஏறியிருக்கும். முதல் இரண்டு பெருமழை அந்த உப்பைக் கழுவி இறக்கும் வரை விதை போடாமல் பொறுத்திருங்கள்.

மேட்டுப்பாத்தி அமைத்தல்

மழை விட்ட இரண்டொரு நாள் இடைவெளியில் இவ்வேலையைச் செய்யலாம்.

1. பாத்தியின் அகலம் மூன்று அடி. இரு பக்கமும் நின்று எட்டிக் களை பிடுங்கலாம். உள்ளே கால் வைக்கத் தேவையில்லை. நீளம் பத்து அடி போதும்.

2. இரண்டு பாத்திகளுக்கிடையே ஒன்றரை அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். வெட்டும் மண்ணைப் பாத்தியின் மேலே போடுங்கள். வாய்க்கால் தாழ்வதும் பாத்தி உயர்வதும் ஒரே வேலையில் முடியும்.

3. கரை சரியாமலிருக்கப் பனை மட்டை, தென்னம் பொச்சு, வாழைத்தண்டு ஆகியவற்றில் கிடைப்பதை ஓரத்தில் அணை கட்டுங்கள்.

4. வாய்க்கால்களின் வாயைச் சரிவான பக்கம் திருப்பி, வாழை நிற்கும் இடத்துக்கு விடுங்கள். அயலவரின் வளவுக்கோ கிணற்றடிக்கோ விட வேண்டாம். தண்ணீரால் வரும் சண்டை தோட்டத்தையும் உறவையும் ஒன்றாகக் கெடுக்கும்.

5. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும். அந்தப் பக்கத்தில் சீமைக்கிளுவைக் கதியால்களை நெருக்கமாக நாட்டுங்கள். மாரியில் நாட்டிய கதியால் தவறாமல் தளிர்க்கும். அதுவே வேலியும், பின்னர் பசளைக்கான இலையும் ஆகும்.

இத்தகைய மூன்று பாத்திகளும் இருபது பைகளும் ஒரு குடும்பத்துக்கு நல்ல தொடக்கம். இதைவிடக் கூடுதலாகத் தொடங்கிப் பராமரிக்க முடியாமல் விடுவதிலும் பார்க்க, இதை ஒழுங்காகச் செய்வது மேல்.

மழைக்குள் நாற்று வளர்த்தல்

விதையை நேரே நிலத்தில் தூவாமல், ஒரு மரப்பெட்டியிலோ பழைய தாச்சியிலோ அடியில் துளையிட்டுப் போடுங்கள். மேல்மண், கூட்டெரு, மணல் மூன்றையும் சம அளவில் கலந்துகொள்ளுங்கள். உமி கிடைத்தால் கருக்கிச் சேர்க்கலாம். நிலத்தில்தான் நாற்றுமேடை போட வேண்டுமெனில், வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி எரித்து, சாம்பலை மண்ணோடு கிளறிய பின்னர் போடுங்கள். அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் பெருமளவு அழியும்.

விதையை ஐதாகத் தூவுங்கள். மாரியில் நாற்று நெருக்கமாக நின்றால், தண்டு அடியில் கறுத்து, நூல்போல மெலிந்து, கூட்டமாகச் சாய்ந்து விழும். தண்ணீரைக் காலையில் மாத்திரம் தெளியுங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மாத்திரமே தெளியுங்கள்.

மூன்று அடி உயரத்தில் நான்கு கம்பு நாட்டி, தெளிவான பொலித்தீன் தாளால் சரிவாகக் கூரை போடுங்கள். பக்கங்களைத் திறந்து விடுங்கள், காற்றோட்டம் வேண்டும். முகாமில் கிடைத்த தறப்பாள் வெளிச்சத்தை மறைக்கும். அதன் கீழே நாற்று வெளிறி, மெலிந்து நெடுத்துப் போகும். தறப்பாள்தான் உண்டெனில், பெருமழைக்கு மூடி, மழை விட்டதும் எடுத்துவிடுங்கள்.

நாற்றில் உண்மையான இரண்டு இலைகள் வந்ததும், ஒவ்வொன்றாக எடுத்துச் சிறு பைகளுக்கு மாற்றுங்கள். பால்மாப் பை, யோகட் கோப்பை, வாழைமடலைச் சுருட்டிக் கட்டிய கிண்ணம் எதுவாயினும் ஆகும். அடியில் மூன்று துளைகள் அவசியம். பைகளை நிலத்தில் வைக்காமல் கல்லின் மேலோ பலகையின் மேலோ வைத்தால்தான் தண்ணீர் வடியும்.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றை நிலத்தில் இறக்காமல் உரப்பையிலேயே கடைசி வரை வளர்க்கவும் முடியும். 50 கிலோ உரப்பையைப் பாதிக்கு மடித்து, மண் நிரப்பி, ஒரு பைக்கு ஒரு கன்று வீதம் நடுங்கள். பெயர வேண்டி வந்தால் இந்தத் தோட்டம் உழவு இயந்திரப் பெட்டியில் உங்களோடு ஏறிவிடும். காணி பிறருடையதாக இருக்கலாம். பையில் உள்ள மண்ணும் கன்றும் உங்களுடையவை.

மழை மாதங்களில் என்ன உண்பது?

கன்றுகள் பையில் வளரும் அந்த எட்டுக் கிழமைகளும் சட்டி வெறுமையாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீரை விரும்பும் கீரைகள் எம்மிடம் உண்டு. காணியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறதோ, அந்த மூலையையே கங்குனுக்குக் கொடுங்கள். தண்டை முறித்து ஊன்றினால் போதும். நான்கு கிழமைகளில் வெட்டலாம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். வாய்க்கால் ஓரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வைக்கலாம். வெள்ளம் கழிவிடத்தோடு கலக்கும் இடமெனில் அங்கு கீரை வைக்க வேண்டாம். எந்தக் கீரையையும் நன்றாகக் கழுவிச் சமைத்தே உண்ணுங்கள்.

முளைக்கீரையை மேட்டுப்பாத்தியில் பத்து நாளுக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால், நான்கு கிழமையிலிருந்து தொடர்ந்து பிடுங்கலாம். சிறு விதை மழையில் அடிபட்டுப் போகாமல், முளைக்கும் வரை கிடுகு ஒன்றை மேலே தாழ்வாகப் பிடித்து வையுங்கள். மாரி முருங்கையிலையும் அகத்தியும் இளசாகக் கிடைக்கும். வத்தாளைக் கொடியை வரம்பின் மேலே நட்டால் கொழுந்தை மாரியில் சுண்டலாம். கிழங்கை மாசியில் எடுக்கலாம். மரவள்ளி எட்டு மாதங்களுக்கு மேல் நிலத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு காலம் இருப்போம் என்ற உறுதி இருந்தால் மாத்திரம் நடுங்கள்.

மாத அட்டவணை

ஐப்பசி: பாத்தியும் வாய்க்காலும் அமைத்தல். கீரை வகைகளும் வத்தாளையும் நடுதல். மாத நடுவில் கத்தரி, மிளகாய் விதை போடுதல். வேலிக் கதியால் நாட்டுதல்.

கார்த்திகை: முதற் கிழமையில் தக்காளி, கோவா விதை போடுதல். நாற்றுகளைப் பைகளுக்கு மாற்றுதல். நிலத்தில் எதையும் நட வேண்டாம். வாய்க்காலை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் துப்புரவாக்குதல்.

மார்கழி: நடுப்பகுதிக்குப் பின்னர், இரண்டு நாள் வெயில் கண்டதும், பையைக் கிழித்து மண் உதிராமல் கன்றுகளைப் பாத்தியில் இறக்குதல். மாலையில் நட வேண்டும். கோவாவுக்கும் மிளகாய்க்கும் ஒன்றரை அடி, தக்காளிக்கும் கத்தரிக்கும் இரண்டு அடி இடைவெளி விடுங்கள். இதே காலத்தில் முள்ளங்கி, பீற்றூட் விதைகளை நேரே பாத்தியில் போடலாம். இவற்றைப் பிடுங்கி நடக்கூடாது. ஆழமான மணற்பாங்கான மண் எனின் கரட்டும் போடலாம்.

தை: மழை முற்றாக ஓய்ந்த பின்னர் சின்ன வெங்காயம் நடுதல். மழை ஈரத்தில் நட்ட வெங்காயத்தின் இலைகள் முறுகிச் சுருண்டு அழுகும். ஆகவே அவசரப்பட வேண்டாம். வெண்டி, பயிற்றை விதைத்தல். முள்ளங்கி ஆறாம் ஏழாம் கிழமையில் பிடுங்கலாம். பாத்திக்கு வைக்கோலும் சருகும் பரப்புதல்.

மாசி: கத்தரியும் தக்காளியும் காய்க்கத் தொடங்கும். கோவா உருண்டை கட்டும். மழை நின்றுவிட்டதால் நாளாந்தம் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பங்குனி: கோவா, பீற்றூட், வெங்காயம் எடுத்தல். நல்ல கன்றுகளை விதைக்கென விடுதல்.

உரம்

மழை பெய்யும்போது யூரியா போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பதாகும். கரைந்தது எங்கே போகிறது? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே கிணற்றுக்குள் இறங்குகிறது. எமது கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவு மீறியிருப்பதற்கு அளவு கடந்த உரமும், கிணற்றுக்கு அண்மையான மலக்குழிகளும் காரணங்களாகும். அத்தண்ணீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது.

உரப்பையை மாத்திரம் நம்பிய தோட்டம் எவ்வளவு பலவீனமானது என்பதை எமது மக்கள் இரு தடவைகள் கண்டார்கள். 1990 களில் போர்க்காலத் தடையினால் வடக்கில் யூரியா கிடைக்கவில்லை. பின்னர் 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தளர்த்தப்பட்டது. இரசாயன உரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழையும் எருவும் இட்டு வைத்த மண், உரம் இல்லாத காலத்திலும் ஓரளவு தாங்கும்.

சீமைக்கிளுவை இலையை ஒரு சாக்கில் அடைத்துக் கட்டி, தண்ணீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தி மூடி வையுங்கள். இரண்டு கிழமையில் கிடைக்கும் கறுத்த சாற்றை ஐந்து பங்கு தண்ணீரில் கலந்து வேரடியில் ஊற்றுங்கள். அடுப்புச் சாம்பலைத் தினமும் பேணியில் சேர்த்து நனையாமல் வைத்து, தை மாதத்தில் கன்றடியில் சிறு கை அளவு போடுங்கள். மாரியில் வெளியே கொட்டிய சாம்பலின் சத்து மழையோடு போய்விடும். மாட்டெருவை உக்காமல் பச்சையாகப் போட வேண்டாம்.

பூச்சியும் நோயும்

மாரியின் முதற் பகைவன் ஆபிரிக்க நத்தை. ஒரே இரவில் ஒரு பாத்திக் கன்றையும் தின்று தீர்க்கும். மருந்து தேட வேண்டாம். மாலையில் ஈரச் சாக்கையோ பப்பாசி இலையையோ பாத்தியருகே போட்டு வையுங்கள். விடியற்காலையில் அதன் கீழே நத்தைகள் ஒதுங்கியிருக்கும். கையில் பொலித்தீன் பை சுற்றிக்கொண்டு பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுப் பின்னர் தோட்டத்துக்குத் தூரத்தில் புதையுங்கள். நத்தையை வெறுங்கையால் தொடக்கூடாது. சுற்று வட்டாரத்தில் எல்லாக் குடும்பங்களும் ஒரே கிழமையில் சேர்ந்து செய்தால்தான் பயன் உண்டு.

பனிக்காலத்தில் தக்காளி இலைகளில் பனி நெடுநேரம் நின்று கரும்புள்ளி நோய் வரும். கன்றுக்குத் தடி நாட்டிக் கட்டி, நிலத்தைத் தொடும் இலைகளைக் கிள்ளி விடுங்கள். மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். மழை ஓய்ந்ததும் அழுக்கணவனும் வெள்ளை ஈயும் மிளகாயில் ஏறும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடித்து, சிறிதளவு சவர்க்காரம் கரைத்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். கிழமைக்கு ஒரு தடவை போதும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். நோய் விளங்காவிட்டால், ஒரு கன்றை வேரோடு பிடுங்கிப் பையிலிட்டுக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

தோட்டத்தோடு உடல்நலத்தையும் பேணுங்கள்

டெங்குக் காய்ச்சல் எமது மாவட்டங்களில் மாரியோடு கூடும். பேணி, சிரட்டை, கோப்பை ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு தண்ணீரிலேயே அந்த நுளம்பு பெருகும். ஆகவே துளையில்லாத பாத்திரம் எதையும் நாற்றுக்குப் பாவிக்காதீர்கள். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளோடு வளவைச் சுற்றிவந்து, தண்ணீர் நிற்பவற்றைக் கவிழ்த்து விடுங்கள்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளம் காற்புண் வழியே உடலுக்குள் செல்வதால் இந்நோய் வருகிறது. காலில் புண் உள்ளவர் சேற்றில் இறங்கக் கூடாது. சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் தசை நோவும் கண்டால், கைமருந்து செய்து நாளைக் கடத்தாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். "நான் வெள்ளத்தில் நின்று வேலை செய்தேன்" என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

விதையைக் கைவிடாதீர்கள்

எத்தனையோ தாய்மார் எல்லாவற்றையும் விட்டு ஓடி வந்த நாளிலும் சேலைத் தலைப்பில் பயிற்றம் விதையை முடிந்துகொண்டு வந்தார்கள். அடுத்த ஊரில் முதற் கறியானது அதுதான்.

கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை, கீரை ஆகியவற்றின் விதையை நாமே எடுக்கலாம். நோயற்ற கன்றில், நடுப்பருவத்தில் காய்த்த நல்ல காயை முற்ற விடுங்கள். விதையைக் காலை வெயிலில் சில நாட்கள் உலர்த்தி, சாம்பல் கலந்து, காய்ந்த போத்தலில் அடைத்து, மூடியை மெழுகால் ஒட்டுங்கள். பெயரும் மாதமும் எழுதுங்கள். கலப்பின விதையில் வந்த காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது; உள்ளூர் வகைகளையே விதைக்கு விடுங்கள். கோவா, பீற்றூட், கரட் ஆகியவை எமது வெப்பத்தில் விதை தருவதில்லை. அவற்றை வாங்கவே வேண்டும். சின்ன வெங்காயத்தைப் பிடியாகக் கட்டி, அடுப்பின் புகை படும் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

ஒரு போத்தலை உங்களிடம் வைத்து, மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டை வெள்ளம் கொண்டுபோனாலும் விதை மற்ற வீட்டில் இருக்கும்.

காணிப் பிரச்சினை தீரும்வரை காத்திருப்பது எம் கையில் இல்லை. ஆனால் ஐப்பசி வரும்போது ஒரு பெட்டியில் விதை போடுவது எம் கையில் உண்டு. வரும் மாரியை அவ்வாறு தொடங்குங்கள்.

குழுவாகக் கலந்துரையாட

1. நீங்கள் விட்டு வந்த மண்ணுக்கும் இப்போது இருக்கும் மண்ணுக்கும் என்ன வேறுபாடு? கடந்த மாரியில் எந்த மூலையில் தண்ணீர் நின்றது?

2. நாற்றுக்கூரை ஒன்றை ஐந்து குடும்பங்கள் சேர்ந்து அமைத்தால், பொலித்தீன், எரு, விதை, காவல் ஆகியவற்றை எவ்வாறு பகிரலாம்?

3. காணிச் சொந்தக்காரருடன் பேச வேண்டிய விடயங்கள் எவை? யார் சாட்சியாக இருப்பார்கள்?

4. நாளையே இடம் மாற வேண்டி வந்தால், உங்கள் தோட்டத்திலிருந்து எவற்றை எடுத்துச் செல்வீர்கள்? அதற்காக இன்றே என்ன செய்யலாம்?